சுருங்க மறுத்த ஃபோட்டோ

அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரம். தொட்டியத்திலிருந்து வந்திறங்கும் தாரைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷரையே தண்ணி குடிக்க வைத்தது அத்தையின் ஒரு ஃபோட்டோ. கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற படம் எப்படிக் கனக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பி.எட். படித்துக்கொண்டு, சாயங்காலத்தில் அடையவளஞ்சான் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். பரீட்சைக்கு மனுப் போட வருகிற பிள்ளைகளின் ஃபோட்டோவை வெப்சைட் கேட்கிற அளவுக்குச் சுருக்கித் தருவதுதான் அவள் வேலையே. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். நாலாம் வகுப்புப் படித்த நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

அப்போது மஸ்கட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை, விட்டால் கிடைக்காது என்றார். “இன்னும் ஒரு வருஷம்தானே அண்ணி, டீச்சராயிடுவேனே” என்று அத்தை அடுப்படியில் அம்மாவிடம் அழுததை நான் பார்த்தேன். ஆனால் அண்ணன் எதிரே வாய் திறக்கிற ஆள் இல்லை அவள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் சொன்ன கல்யாண வெப்சைட்டில் அவள் ஃபோட்டோவை ஏற்ற வேண்டும். முக்கொம்புப் பூங்காவுக்குக் கூட்டிப் போய், பட்டுச்சேலை கட்டி, அம்மாவின் நகையெல்லாம் பூட்டி, ஃபோட்டோக்காரரை வைத்து ஜம்மென்று எடுத்தோம். அத்தை சென்டரில் ஏற்றிப் பார்த்தாள். வெப்சைட் வாங்க மாட்டேன் என்றது. சைஸ் பெரிசாம்.

“பின்னாடி எத்தனை இலை இருக்கு பாருங்கண்ணே, அதான் குறையல” என்றாள் அத்தை.

நியாயம்தானே என்று அப்பா வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி மறுபடி எடுக்க வைத்தார். அதுவும் ஏறவில்லை. இந்தத் தடவை பட்டுச்சேலையின் ஜரிகை நுணுக்கம்தான் காரணம் என்றாள். நூல்சேலைக்கு மாற்றினார்கள். அப்புறம் அப்பாவே யோசித்து, “அந்த ஆரத்தையும் கழட்டிடு, அதுதான் கனம்” என்றார். அம்மா அதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகள் ஃபோட்டோவையெல்லாம் சுருக்குகிறவளுக்குத் தன் ஃபோட்டோ மட்டும் சுருங்க மாட்டேன் என்கிறதே, ஐயோ பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சென்டருக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைச்சுத் தள்ளும்மா.”

“அவ்வளவுமா அண்ணே?”

“ஆமாங்கறேன்ல!”

அண்ணன் பேச்சைத் தட்டாமல் அத்தை குறைத்தாள். உடனே ஏறிவிட்டது. திரை மூலையில் தபால்தலை அளவுக்குத் தெரிந்த படத்தில் அத்தை லட்சணமாகவே இருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அப்பா எங்களுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் எனக்கே கேட்டது: “என்னங்க இது, முகம் பூரா கட்டம் கட்டமா இருக்கு? மூக்கு எது, கண்ணு எதுன்னே தெரியல. பொண்ணுக்குக் குறை ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லிடுங்க.”

அவ்வளவுதான், அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “யாருக்குக் குறை? என் தங்கச்சிக்கா? அவ டீச்சராகப் போறவ, தெரியுமில்ல? உங்க சங்காத்தமே வேணாம், வைங்க போனை!”

அத்தை துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வேறு. நான் பின்னாலேயே போய் முதுகைத் தடவிக்கொடுத்து, “அழாதீங்க அத்தை, அடுத்த வாட்டி நல்லா வரும்” என்றேன். அதற்கு அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். பயந்துபோய் அம்மாவைக் கூட்டி வந்தால், அத்தையின் முகத்தைப் பார்த்த அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் இரண்டு பேர் இப்படித் தேம்பினால் நான் என்ன செய்ய? அன்றைக்குக் கோயிலுக்குப் போனபோது கண்ணை இறுக மூடி ரங்கநாதரிடம் உருகி வேண்டிக்கொண்டேன்: சாமி, எங்க அத்தைக்கு ஃபோட்டோ சுருக்கக் கத்துக் குடு.