புரட்டாசியில் கழுவிய மெசின்

எனக்கு வாய் நீளம் என்று பனிச்சங்கேணியில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு பழைய உழவு மெசினின் பெயின்றைப் பதினாறு நாள் குந்தியிருந்து சுரண்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு யாருடைய வாய் நீளம் என்று பேசுவோம்.

அது அப்பாவின் ட்ரக்டர்; நாங்கள் மெசின் என்போம். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டோடு போய்விடுவான். அண்ணனும் இருபத்திரண்டு வயதில் மண்டூருக்குப் போனார். போய் இருபத்தெட்டு வருடமாகிறது. அப்பாவின் திவசம் முடிந்த அன்று, சாப்பிட்ட இலை எடுக்குமுன்னே, அவர் கதையைத் தொடங்கினார்.

"வீடும் உனக்கு, வயலும் உனக்கு. மெசினாவது எனக்கு வரத்தானே வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் அந்த மெசினைப் பார்த்துக்கொண்டவள் நான். ஒயில் மாற்றியவள் நான். எங்கள் வட்டை முழுக்க, அதுதான் எங்கள் வயல்வெளி, அதை ஓட்டி உழுதவளும் நான். அண்ணன் தினமும் போன் எடுத்து, "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பார். ஆளைக் காணக் கிடைக்காது.

ஒருவரையொருவர் கத்தி முடித்தபிறகு அவர் ஒரு பந்தயம் வைத்தார். "துருப்பிடிச்சுக் கிடக்கிறத இந்தப் போகத்துக்குள்ள பெயின்ற் அடிச்சு ஒழுங்காக்கி, முதல் உழவு அண்டைக்கு வட்டைக்குள்ள இறக்கிக் காட்டு. காட்டினா உனக்கு. இல்லாட்டி ஏத்திக்கொண்டு போறன்."

"ஓம், பாப்பம்" என்றேன்.

பெயின்ற் அடிக்க ஓட்டமாவடியில் ஒரு நானாவைப் பிடித்தேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வந்து மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, அடிக்கிறது ஒரு நாள் வேல. அதுக்கு முந்தின வேலதான் வேல. எண்ணெ இரிக்கப்படாது, பழைய பெயின்ற் இரிக்கப்படாது, ஈரம் இரிக்கப்படாது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்."

முதலில் மண்ணெண்ணெயும் தும்பும். பின்சில்லுக்கு உள்பக்கம் கிறீஸும் சேறும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தன; பழைய கத்தியால் குத்திக் குத்திப் பெயர்த்தேன். பிறகு எஞ்சினை மூடும் பொனற்றைக் கழற்றினேன். புகைக்குழாய் வாயில் பால்மா டின்னைக் கவிழ்த்தேன். காற்று இழுக்கும் வாயைச் சொப்பிங் பையால் மூடி ரப்பர் போட்டேன். லைற் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் சுரண்டல். சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே இன்னொரு சிவப்பு. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. உள்ளதற்கு மேலேயே பூசிப் பூசி விட்டிருக்கிறார். அவரையும் திட்டினேன். பதினாறாம் நாள் இரும்பு வெள்ளையாகச் சிரித்தது.

சனிக்கிழமை நானா வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை விதைப்பு நாளைத் தீர்மானிக்கிற கூட்டம். நான் போய் முன்வரிசையில் இருந்து, ஒன்பதாம் நாள் தொடங்கும் உழவுக்கு என் மெசினைப் பதிந்துவிட்டு வந்தேன். வாசலில் மெசின் இல்லை. சில்லுத் தடம், வளவுக்குக் கீழே கடலோடு தொடுத்துக் கிடக்கும் வாவிப் பக்கம் போயிருந்தது.

ஓடினேன். நான் மூடிய டின்னும் சொப்பிங் பையும் கரையில் கிடந்தன, முழங்கால் அளவு தண்ணீரில் மெசின். பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக அண்ணன்.

"நாளைக்குப் பெயின்ற் எண்டு கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தன், புள்ள. ஒரே தூசாக் கிடந்துச்சு. வடிவாக் கழுவித் தந்திருக்கன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சுரண்டிய வெறும் இரும்பு. புரட்டாசி மாதத்து வாவி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மழை விழுமுன் அது கடல் மாதிரி உப்பு. மெசினைக் கெடுக்கத்தான் மண்டூரிலிருந்து வந்திருக்கிறார். என் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. கரையில் வலை காயப்போட்டிருந்தவர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். அண்ணன் ஒன்றும் விளங்காமல் வாளியோடு நின்றார். அந்த நடிப்பு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

விடியப் பார்த்தால் மெசின் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. நானா வந்து மட்காட்டில் விரலை இழுத்து நாக்கில் வைத்தார், துப்பினார்.

"உப்பு, தங்கச்சி. இதுக்கு மேல அடிச்சா மாரி முடியிறதுக்குள்ள பொங்கிரும். நல்ல தண்ணியால மூணு தரம் கழுவுங்க, திரும்பச் சுரண்டுங்க, காயவைங்க. அண்டைக்கே எனக்குச் சொல்லுங்க, வந்து பிரைமர் அடிக்கிறன்."

சொல்லிவிட்டு, பெயின்ற் விசிறும் கொம்பிறஷரைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். உழவுக்கு எட்டு நாள் இருந்தது.

அண்ணன் மாமரத்தடியில் நின்றிருந்தார். நேரே போனேன்.

"வேணுமெண்டுதானே செஞ்சீங்க?"

"பிள்ளையார் அறிய இல்ல புள்ள. அப்பா ஆத்துக்குள்ள இறக்கித்தானே கழுவுறவர். நானும் கூட நிண்டு கழுவியிருக்கன்." வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"எப்ப கழுவினீங்க?"

"எப்பயும்தான். பொங்கலுக்குப் பொங்கல்."

பொங்கலுக்கு! கார்த்திகை, மார்கழி மழை வெள்ளமெல்லாம் இறங்கி, பொங்கலுக்கு ஆறு நல்ல தண்ணீராகக் கிடக்கும். அப்பா அப்போதுதான் மெசினைக் கழுவுவார். அண்ணன் மனைவி பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வருவதும் அப்போதுதான்.

அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மட்காட்டில் வைத்துத் தேய்த்தேன். "நக்கிப் பாருங்க!"

நக்கினார். முகம் மாறியது.

"ஆத்துல உப்பு ஏறும் எண்டதே எனக்கு மறந்து போச்சு" என்றார் மெல்ல.

இந்தக் கரையில் பிறந்தவர். இதே தண்ணீரில் நீந்தி, கண் எரியுது என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவர். வேண்டுமென்று கெடுத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். மறந்துபோன மனிதனை என்ன செய்வது? கோபம் அடங்கவில்லை, இரண்டு மடங்காகியது. அப்பா கிடந்ததும் வெயில் காலம். அந்தக் காலத்தில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"மெசின நீயே வச்சிரு. எனக்கு வேணாம்" என்றார்.

"தாறதுக்கு நீங்க ஆரு? வட்டைக்குள்ள இறக்கினா எனக்கு எண்டுதானே பேச்சு? நான் இறக்குவன். சேட்டக் கழட்டிப்போட்டுக் குழாயத் திறங்க!" என்று கம்பி பிரஷை அவர் காலடியில் எறிந்தேன்.

எங்கள் கிணறும் உவர். குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினோம். அவர் ஒரு பக்கம் சுரண்டினார், நான் மறுபக்கம் சுரண்டினேன். கலியாணத்துக்குப் பிறகு அவர் இந்த வீட்டில் எட்டு நாள் தங்கியது அதுதான் முதல் தடவை. எட்டு நாளும் திட்டினேன். அப்பா கிடக்கும்போது இந்த எட்டு நாள் எங்கே போனது என்று கேட்டேன். அவர் மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் துருவை எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் இரும்பு காய்ந்ததும் நானா வந்து பிரைமர் அடித்தார், ஏழாம் நாள் சிவப்பு.

உழவு தொடங்கிய காலை நான் மெசினை வட்டைக்குள் இறக்கினேன். அண்ணன் பஸ்ஸுக்குப் போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரம்பில் நின்று பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் அவருக்கு இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. திரும்பி நடக்கத் தொடங்கியவரை, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கூப்பிட்டேன்.

"இனிமே பொங்கலுக்கு வர வேணாம்! புரட்டாசிக்கு வாங்க!"