பூதத்துக்காக விட்ட நாலு தாள்கள்

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு டி.வி. கடையின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தபோது, முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு நீள நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: கோளாறு, காரணம், செய்ய வேண்டியது. ஒரே மாதத்தில் அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கதையைப் படமாக்கியிருக்கிறார்கள் என்று எதைப் பார்த்துவிட்டு வந்தாலும், மூன்று கட்டம் போட்டு எழுதிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

மாயக்கதைப் படங்களில் முதல் கோளாறு புகை. புத்தகத்தில் பேய் சத்தமில்லாமல் வந்து நிற்கும். படத்தில் அதற்கு முன்னால் புகை வரும், புகைக்கு முன்னால் கொலுசு வரும். சிரிப்புக்கதை என்றால் கோளாறு வேறு மாதிரி. எழுத்தாளர் ஒரே வரியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வேடிக்கைக்கு, படத்தில் மூன்று பேர் வழுக்கி விழுவார்கள். நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பின்னால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வேறு. மாயமும் சிரிப்பும் சேர்ந்த கதை என்றால் கேட்கவே வேண்டாம், புகையும் வரும், ‘டொய்ங்’கும் வரும்.

அப்படி ஒரு கதைதான் அம்மாவுடைய பூதக்கதை. நான் பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் ஒரு வாரப்பத்திரிகையில் தொடராக வந்தது. ரோடு போட ஒரு ஓவர்சியர் புளியமரத்தை வெட்டிவிடுகிறார். மரத்தில் குடியிருந்த பூதம், இடம் கேட்டு அவர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஓவர்சியரின் மனைவி அதற்குக் கொத்தமல்லி ஆயும் வேலை கொடுக்கிறாள். பூதம் அவளுக்குப் பயந்து நடக்கிறது. அம்மா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்தாள். கடைசி அத்தியாயம் வந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த வாரம்தான் நான் பிறந்தேன். அப்பா பத்திரிகை வாங்க மறந்துவிட்டார்.

“ஒரு வாரம் பொறுத்துப் பொறந்திருந்தா என்னடி?” என்று என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்பாள். பூதத்துக்குக் கடைசியில் இடம் கிடைத்ததா இல்லையா? இருபது வருஷமாக அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைண்டிங் கடை வைத்திருந்த பாய்தான் அதைப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்தவர். கடைசியில் நாலு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்திருந்தார். என்றைக்காவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ள. விட்டுப்போன அத்தியாயத்துக்கு இப்படி இடம் விடுவது அவர் வழக்கம்.

அந்தக் கதை படமாகி தர்மபுரிக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அதியமான்கோட்டையிலிருந்து டவுன் பஸ் ஏறினோம். அம்மா மடியில் பைண்டு புத்தகம்.

“அது எதுக்கும்மா?”

“ஒத்துப் பாக்கத்தான். நீ மட்டுந்தான் நோட்டு கொண்டாரலாமா?”

கோளாறுகள் வரிசையாக வந்தன. புத்தகத்தில் பூதம் கண்ணுக்கே தெரியாது, அது உட்கார்ந்தால் ஊஞ்சல் பலகை தாழும், அவ்வளவுதான். படத்தில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு கனத்த ஆள், நெற்றியில் இரண்டு கொம்பு. இடது கொம்பு காட்சிக்குக் காட்சி இடம் மாறியது. பறக்கும் சொம்பைத் தூக்கிய நூல் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. இடைவேளைக்குள் பதினேழு எழுதிவிட்டேன்.

பதினெட்டாவது எழுத முடியவில்லை. ஓவர்சியர் மனைவி பூதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இடம். புத்தகத்தில் அது ஒரே வரி. படத்தில் அவள் ஒரு டின் எண்ணெயையும் ஊற்றித் தேய்க்கிறாள், பூதம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புகை இல்லை, ‘டொய்ங்’ இல்லை. நான் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்து, முன்வரிசைக்கு உருண்டு போனது.

கடைசியில் ஓவர்சியருக்கு மாற்றல் வருகிறது. சாமானெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றுகிறார்கள். பூதம் போய்ப் பின்னால் உட்காருகிறது. வண்டி பின்னால் சாய்ந்து, மாடு இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. ‘கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காரு’ என்கிறாள் மனைவி. அதோடு திரையில் ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றாள் அம்மா, வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கியபடி. “ஆனா கதை எழுதினவரு இப்பிடி முடிச்சிருக்க மாட்டாரு. பெருசா ஏதோ வெச்சிருப்பாரு. இவனுங்க கெடுத்துட்டானுங்க.”

நானும் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். கோளாறு: முடிவு மாற்றப்பட்டுள்ளது. காரணம்: படமெடுத்தவர்கள். செய்ய வேண்டியது: மூலத்தில் உள்ளபடி எடுத்தல்.

மூலம் பதினைந்து நாளில் கிடைத்தது. நல்லம்பள்ளி வாத்தியார் ஒருவர் பழைய தொடர்களை பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தார். அதில் அந்தக் கடைசி அத்தியாயம் இருக்கிறது என்று பாய் ஆள் விட்டுச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கடையில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை மணத்தது.

“தங்கச்சி, அடுத்தவங்க சரக்கு. வெளியே விடமாட்டேன். இங்கேயே படிச்சுக்குங்க. வேணும்னா பாப்பா பாத்து எழுதிக்கட்டும், அதை ஒட்டித் தர்றேன்,” என்றார் பாய்.

“நீயே படி,” என்றாள் அம்மா என்னிடம், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.

நின்றபடியே படித்தேன். ஓவர்சியர் திடுக்கிட்டு விழிக்கிறார். கட்டிலில் படுத்திருக்கிறார். மனைவி காப்பி கொண்டு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே புளியமரம் அப்படியே நிற்கிறது. அத்தனையும் கனவு. முற்றும்.

அம்மா தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப அந்த எண்ணெ தேச்சது?”

“கனவும்மா.”

“கொத்தமல்லி ஆஞ்சது?”

“அதுவும் கனவுதாம்மா.”

“யா அல்லா,” என்றார் பாய். “இதுக்கா நான் நாலு தாள் விட்டேன்?”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இருபது வருசம் இந்தப் புள்ளைய திட்டியிருக்கேன் பாய்! இதப் படிச்சிருந்தா ஆஸ்பத்திரியிலேயே எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.”

அன்று மாலை நோட்டைத் திறந்து, படத்தின் முடிவைப் பற்றி எழுதியதில் மூன்றாவது கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். மற்ற பதினேழும் அப்படியே இருக்கின்றன. கொம்புக்கு மன்னிப்பு கிடையாது.

என்னை அத்தியாயத்தைப் பார்த்து எழுத அம்மா விடவில்லை. அடுத்த வாரம் புத்தகத்தையும் தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தையும் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். “இத ஒட்டிக் குடுங்க. இதுல கதைச் சுருக்கம் இருக்குது. வண்டியில போற வரைக்கும் போட்டிருப்பான்.”

பாட்டுப் புத்தகம் சரியாக நாலு தாள். பாய் அழகாக ஒட்டி, கனமான பலகைக்கு அடியில் இரண்டு நாள் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் அம்மா கதைச் சுருக்கத்தை முழுதாகப் படித்தாள். மாற்றல் உத்தரவு வருகிறது, ஓவர்சியர் கலங்குகிறார், பூதம் என்ன ஆயிற்று? மீதியை வெண்திரையில் காண்க.