மசாஜ் என்றதும் சிரித்தவர்கள்

"டீச்சர், அந்த மசாஜ்காரி போயிட்டாளாமா. தூக்கத்துலயே மூச்சு நின்னுபோச்சாமா."

ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்தபடியே சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். 'மசாஜ்' என்ற சொல் வந்தபோது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு. நான் திறந்த என் டப்பாவை மூடி வைத்தேன். ஸ்டெல்லா அக்காவின் சாவைக்கூட இந்த ஊர் கழுவாத வாயால்தான் சொல்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் பிசியோதெரபி பிரிவில் பல காலம் வேலை பார்த்தவர் அவர். பிறகு ஒண்டிப்புதூரில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கு மட்டும் மசாஜ் செய்துவந்தார். உங்களுக்குத் தெரியாததா? இதைப் படிக்கும் நம் ஊர்ப் பெண்களில் பலர் அவர் கை பட்டு வலி தீர்ந்தவர்கள்.

கரும்பலகையில் எழுதி எழுதி என் வலது தோள் இறுகிக் கிடந்தது. எலும்பில் குறையில்லை என்றார் டாக்டர். மாத்திரைக்கு வலி அடங்கும். பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் திரும்பி வரும். அக்கா முதலில் கேட்டது, "கை மரத்துப்போகுதுங்களா? அப்படி இருந்தா நான் தொட மாட்டேன், டாக்டர்கிட்டயே போங்க." இல்லை என்றதும் வெந்நீரில் பிழிந்த துண்டைத் தோளில் போட்டு, கழுத்தோரத்திலிருந்து எண்ணெய் தேய்த்து இறங்கினார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு அகப்பட்டது. அங்கே விரலை ஊன்றி, மூச்சை மெல்ல விடச் சொல்லி, இளக்கினார். எழுந்தபோது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிந்தது.

நான் பூரித்துப்போனேன். அவர் பூரிக்கவில்லை. "என்ற கைய மட்டும் நம்பிப்போடாதீங்க டீச்சர். நான் இளக்கி உடறேன். நீங்க குனிஞ்சே உக்காந்து மறுக்கா இறுக்கிப்போட்டா அது எப்படிப் போகும்?" சுவரில் விரல்களை நடத்தி ஏற்றும் பயிற்சியையும் சொல்லித் தந்தார். வலி அடியோடு ஒழியவில்லை. எப்போதாவது வரும், வந்தாலும் சீக்கிரம் போய்விடும்.

வாசலில் அவர் மாட்டிய 'பெண்களுக்கு மட்டும் மசாஜ்' என்ற போர்டைப் பார்த்துத்தான் இளிப்பு தொடங்கியது. ஒருநாள் மோட்டார் பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன், "எங்களுக்கெல்லாம் இல்லீங்களா?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அவனை நேராகப் பார்த்தார். "உங்கம்மாளுக்குத் தோள் வலி இருந்தா கூட்டிட்டு வாங்க கண்ணு, பாக்கறேன்." சிரிப்பு நின்றது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. அது வீட்டின் சொந்தக்காரர் பழனிசாமியின் காதுக்குப் போனது.

அவர் மனைவி சரஸ்வதிக்குக் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாதிருந்தது. கணவர் வெளியே போன நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியே வந்து, அக்காவிடம் குணமானவர் அவர்.

ஒரு மாலை பழனிசாமி வந்து போர்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். "குடும்பம் இருக்கற எடமுங்க இது. காலி பண்ணிப்போடுங்க." நான் அங்கேதான் இருந்தேன். குணமான கையைக் கட்டிக்கொண்டு சரஸ்வதி உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா துண்டுகளை மடித்துப் பையில் வைத்தபடி என்னிடம் சொன்னார்: "அழுக்கு அவிங்க கண்ணுல டீச்சர். என்ற கைய நான் தெனமும் சோப்புப் போட்டுத்தான் கழுவறேன்." அதன்பிறகு டவுன் பஸ்ஸில் வீடு வீடாகப் போய்த்தான் மசாஜ் செய்தார்.

கல்லறைத் தோட்டத்துக்கு அதே பழனிசாமி பெரிய மாலையோடு வந்தார். முன்வரிசையில் நின்று, "எங்க ஊட்டுப் பொண்ணாட்டம் இருந்துச்சுங்க" என்றார். அப்போது பின்னாலிருந்து சரஸ்வதியின் குரல் வந்தது.

"போர்டைச் சாக்கடைல வீசுனது நீங்கதானுங்க. நான் வாயை மூடிட்டு நின்னேன். மாலைய வெச்சுப்போட்டுத் தள்ளி நில்லுங்க, நம்ம ரெண்டு பேருக்கும் முன்னால நிக்கற யோக்கியதை இல்லை."

பழனிசாமி தலை குனிந்து ஒதுங்கினார். எனக்கு மனம் ஆறவில்லை. அந்தச் சொல்லைக் கேட்க வேண்டிய அக்கா பெட்டிக்குள் இருந்தார். நேரம் கடந்து வந்த அந்த நியாயமும் கசந்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். எத்தனை முறை போனாலும், எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு கேட்பார்: "கை வெக்கலாமுங்களா டீச்சர்?" நான் தலையசைக்கும் வரை அந்தக் கை என் தோளைத் தொடாமல் காத்திருக்கும். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற இந்த உடம்பை, அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டுத் தொட்டதில்லை.