முதல் ஏகே வாங்க வருகிறவர்கள்

துப்பாக்கிக் கடையில் எனக்குச் சம்பளம் தருவது, பெரும்பாலும், "இதை உங்களுக்கு விற்க முடியாது" என்று சிரித்த முகத்தோடு சொல்வதற்காக.

கடை ஜேர்மனியின் பீலெஃபெல்டில். பதினொரு வருடமாக நிற்கிறேன். கோயிலில் யாராவது கேட்டால் அம்மா "விளையாட்டுச் சாமான் கடை" என்று சொல்லிச் சமாளிக்கிறார். சட்டப்படி அது பொய்யில்லை. வேட்டைக்காரர்களால் எனக்குத் தொல்லையில்லை. வருவார்கள், வாங்குவார்கள், மழையைத் திட்டிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமைகளில் தங்கள் முதல் ஏகே, அதாவது ஏகே-47 போன்ற துப்பாக்கி, தேடி வருகிறவர்கள்தான் ஆளைச் சாப்பிடுவார்கள். செருப்போ சீமெந்தோ, எதை விற்று உங்களுக்குக் கால் வீங்கியிருந்தாலும் சரி, இந்த ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும்

ஒரு பல் வைத்தியர். ஒரு வருடம் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஒழுங்காகச் சுட்டுப் பழகி, சோதனையும் பாஸ் பண்ணி, வீட்டில் துப்பாக்கி வைக்க இரும்புப் பெட்டியும் பொருத்திவிட்டார். இனி அனுமதிக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கு முன் துப்பாக்கியைத் தெரிவு செய்ய வந்தார். அவருக்கு வேண்டியது ஏகேயின் அந்தப் பழைய தோட்டாவையே போடுகிற துப்பாக்கி.

இங்கே போர்த் துப்பாக்கி போலத் தோற்றமுள்ள ஒன்றை விளையாட்டுக்கு வாங்குவதென்றால், தோட்டாவின் கோது, மருந்து அடைத்த அந்த உறை, நீளத்தில் நாற்பது மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அந்தப் பழைய தோட்டாவின் கோது முப்பத்தொன்பதையே தொடாது. ஆகவே மெல்லிய, நீளமான தோட்டா போடுகிற ஏகேதான் விற்கலாம். சொன்னேன். நம்பவில்லை. அடுத்த சனி தன்னுடைய அளவுகோலோடு வந்து, கவுண்டரில் மூன்று கோதுகளை வைத்து அளந்தார். மூன்றும் ஒரே அளவு. அளவுகோலைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "பல்லில் நான் ஒரு மில்லிமீற்றர் தவறினால் நோயாளி கத்துவார். இங்கே நான் யாரிடம் போய்க் கத்துவது?"

சும்மா சுடத்தான்

என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் ஒரு தம்பிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரன். ஸ்டுட்கார்ட்டில் எஞ்சினியர், நண்பனைப் பார்க்க இந்தப் பக்கம் வந்திருந்தான். "மேடம், நீங்க தமிழா? அப்பாடா! ஒரு பேசிக் ஏகே போதும் மேடம். வீக்எண்ட்ல சும்மா ரேஞ்சுக்குப் போய்ச் சுடத்தான்." போனில் ஒரு பட்டியலும் இருந்தது. எல்லாம் அமெரிக்க வீடியோக்களில் எடுத்தது.

நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். முதலில் சங்கத்தில் சேர வேண்டும். ஒரு வருடம் தவறாமல் போய்ச் சுட வேண்டும். பிறகு சோதனை, இரும்புப் பெட்டி, சங்கத்தின் கடிதம், பொலிஸின் விசாரணை. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இங்க வேலை செய்யற ப்ளூ கார்டு விசாவே எனக்கு இதைவிட ஈஸியா கிடைச்சுது மேடம்."

ஆறு சனிக்கிழமை

சபீனா ஒரு தாதி. ஆறு சனிக்கிழமை தொடர்ந்து வந்து, அதே இரண்டு துப்பாக்கிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவர் இடக்கைக்காரி. ஏகேயில் பாதுகாப்புப் பூட்டின் நெம்புகோலும் வலப்பக்கம், இழுக்கிற பிடியும் வலப்பக்கம். முன்குறி நேராக நிற்கிறதா, தோட்டா போடுகிற மகசீன் ஆடுகிறதா, தொலைநோக்கி பூட்ட இடமிருக்கிறதா, எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். அடுத்த கிழமை அதையே கேட்டார். அதையே சொன்னேன்.

ஆறாவது சனி என் பொறுமை விட்டுப்போய், "இரண்டும் நல்லதுதான், ஏதாவது ஒன்றை எடுங்கள்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வார்டில் எல்லாம் ஓட்டம். வீட்டில் எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள்," என்றார். "இந்த ஒன்றையாவது நான் ஆற அமரத் தீர்மானிக்கிறேனே."

அக்கா தனியாக வந்த நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாரும் இல்லை. எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் ஒரு அக்கா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, என்ரை மனிசன் இங்கை ஏதோ ஓடர் பண்ணியிருக்கிறாராம். உண்மையோ?"

அவருடைய கணவரை எனக்குத் தெரியும். பஸ் ஓட்டுகிறார், கூட வேலை செய்கிறவர்களோடு சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடம். அனுமதி கிடைத்து, ஒரு ஏகேக்கு ஓடர் கொடுத்திருந்தார். ஆனால் வாடிக்கையாளரின் விஷயத்தை நான் சொல்லக் கூடாது. "அக்கா, அதை நான் சொல்ல ஏலாது" என்றேன். அவருக்கு அதுவே பதிலாகிவிட்டது.

சுவரில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த வரிசையைப் பார்த்தார். ஒரு ஏகேயின் முன்னால் நின்றுவிட்டார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்து வீட்டில், தம்பியைத் தேடி வந்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றார். தம்பி திரும்பி வரவில்லை. நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, கேட்க நினைத்ததை அவர் கண்டுவிட்டார். "எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு கேளாதை பிள்ளை. எல்லாப் பக்கமும் இதைத்தான் வைச்சிருந்தவங்கள்."

அண்ணை

அந்தச் சனிக்கிழமை அவருடைய கணவர் வந்தார். துப்பாக்கி வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவி வந்துபோனதைச் சொல்ல முடியாது. அதனால் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "அண்ணை, ஏன் இதுதான் வேணும் எண்டு நிக்கிறியள்?"

அவர் சொன்னார்: "அந்த நாளையிலை இதைக் கண்டால் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பன், பிள்ளை. சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழட்டி. ஒருக்காலாவது இதின்ரை மற்றப் பக்கத்திலை நிண்டு பாக்கவேணும்."

வேறு விற்பனையாளர் என்றால் அதோடு விற்றிருப்பார். நான், "முதல் உங்கடை சங்கத்திலை ஆரிட்டையும் ஒரு ஏகே இரவல் வாங்கிப் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கோ. பிறகு யோசிப்பம்" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று அன்று முழுக்க மனம் உறுத்திக்கொண்டிருந்தது. ஒருவர் இரண்டு வருடம் உழைத்து அடைந்ததை நான் யார் தட்டிப் பறிக்க?

இரண்டு கிழமை கழித்து வந்தார். உட்காரக் கதிரை கேட்டார். ஓடரை நிறுத்தச் சொன்னார். எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று, என்றார். மிச்சம் ஏழையும் துப்பாக்கிக்காரரிடமே கொடுத்துவிட்டாராம். தாளில் கையெழுத்து வைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "சத்தம் வேறைதான் பிள்ளை. ஆனா நடுங்கினது அதே கால்."

திங்கட்கிழமை

நிறுத்திய ஓடரைக் கடை முதலாளி அம்மா கணினியில் கண்டுபிடித்தார். காரணம் என்று நான் "வாடிக்கையாளர் மனம் மாறினார்" என்று எழுதியிருந்தேன். யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன், நடந்ததைப் பாதி சொன்னேன். நீண்ட திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்: "அவருக்கு ஒரு தேநீராவது கொடுத்தாயா?"

பதினொரு வருடத்தில் முதல் ஏகே எது நல்லது என்று என்னிடம் கேட்க வந்த எல்லோரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்ற பதிலோடுதான் வந்தார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் இன்றுவரை தெரியாத ஒரே ஆள் நான்தான்.