ஆறு வருடம் சர்க்கரை போடாத டீ

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று இருந்தது. எழிலரசி காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து ஒடுகத்தூருக்கு வருவாள். கதவைச் சாத்தியதும் வேலாயுதம் துணிப்பையைக் கவிழ்த்து ஆஸ்பத்திரி மாத்திரைகளைப் பாயில் கொட்டுவார். மாத்திரைக் கவரில் மனநலப் பிரிவு என்று முத்திரை இருக்கும். அதைத் துண்டு துண்டாகக் கிழித்து அவள் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். ஒடுகத்தூர்க் குப்பையில்கூடப் போடமாட்டாள். காட்பாடியில் போய்த்தான் எறிவாள். பிறகு மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து ஒரு வெள்ளை டப்பாவில் அடுக்குவாள். டப்பாவின் மேல் அவளே ஒட்டிய லேபிள்: ‘சுகர் – காலை 1, இரவு 1.’

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அவர் எண்ணிக் கொடுத்தார், அவள் வெட்டினாள். வெட்டும்போது அவருடைய இடது மணிக்கட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது.

“இன்னாப்பா இது? கம்பெனி மசியா? கழுவ மாட்டீங்களா?”

“இருக்கட்டும்மா.”

“அத்தை பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. குடுங்க கையை.”

தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். அவர் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

“போய்ட்டுச்சு பாருங்க.”

அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமாம்மா. போய்ட்டுச்சு” என்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து கமலத்தின் குரல் வந்துவிட்டது.

“அண்ணா, டீ ஆறுது! உன்னுதுல சக்கர போடல, பயப்படாம குடி!”

கமலம் அவருடைய தங்கை. வேலாயுதம் எழுந்து போய் அந்த டீயை வாங்கிக் குடித்தார். செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் வந்தபோது உயிர் இல்லை. ஐம்பத்தெட்டு வயது.

வேலாயுதம் பத்தாவது பெயில். பதினெட்டு வயதில் ஆம்பூரில் தோல் மண்டிக்குப் போனார், அங்கிருந்து ஷூ கம்பெனிக்கு. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வேலைதான். கட்டிங்குக்குப் போகும் முன் தோலை மேஜையில் விரித்துக் குறை பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட வடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம். ஒவ்வொன்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவார். வட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுவார்கள். குறை இருக்கிறது என்று அவர் ஒரு தோலையும் தள்ளிவிட்டதில்லை என்று பேர். விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுவார்.

மனைவி செல்லம்மாள் இறந்து இரண்டு வருடம் கழித்து அவருக்கு அது வந்தது. குளிக்கவில்லை, பேசவில்லை. வேலை மேஜையின் முன் நின்றபடியே கண்ணில் நீர் வழிய ஒரு தோலை ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மன அழுத்தம், மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒரு புதன்கிழமை வர வேண்டும் என்றார் டாக்டர்.

அப்போது எழிலரசிக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நவநீதன் வீட்டில் ஜாதகம் வாங்கிப் போயிருந்தார்கள். பைத்தியக்காரன் பெண் என்று ஒரு சொல் விழுந்தால் போதும் என்று அவள் பயந்தாள். ஊரில் யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லுங்கள் என்றாள் அப்பாவிடம்.

“எனக்குச் சுகர் இல்லியேம்மா.”

“தெரியும்பா. சொல்லுங்க.”

அவள் ராணிப்பேட்டையில் அளவுக்கருவி சரிபார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். பிரஷர் மீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று பார்த்து, அதை எழுதி, லேபிள் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு பொய் லேபிள் ஒட்டியதில்லை. கம்பெனியில்.

கல்யாணம் நடந்தது. பொய்யை அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முதலில் மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தது. பிறகு இத்தனை நாள் மறைத்தது தெரியக்கூடாது என்று ஆனது. ஒடுகத்தூரில் வேலாயுதத்துக்கு யாரும் இனிப்புக் கொடுப்பதை நிறுத்தினார்கள். தீபாவளிக்கு முறுக்கு மட்டும். பொங்கல் அன்று கமலம் அவருக்கு வெண்பொங்கல் தனியாக வைத்தாள். டீக்கு உயிரை விடும் மனிதர், சர்க்கரை போடாத டீயைக் காலையும் மாலையும் வாங்கி மறுபேச்சில்லாமல் குடித்தார்.

சாவு வீட்டில் ஒருவர் கேட்டார். “சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி தெரியாதாமே, அதான் கண்டுக்காம உட்டுட்டாரா?” எழிலரசி தலையை ஆட்டினாள்.

பதினாறாம் நாள் படையலில்தான் அந்தப் பொய் தாங்க முடியாமல் போனது. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்கும் நாள். யாரோ கேசரிக் கிண்ணத்தை எடுத்து வந்தார்கள். கமலம் குறுக்கே கையை நீட்டினாள்.

“அண்ணனுக்குச் சுகர். இனிப்பு வெக்காதீங்க.”

“செத்ததுக்கப்புறம் இன்னா சுகரு கமலம், ஆசைப்பட்டதை வை” என்றாள் ஒரு கிழவி. நாலு பேர் சிரித்தார்கள்.

“ஆறு வருஷம் பத்தியமா இருந்தவன். அவன் மனசு கோணக்கூடாது” என்றாள் கமலம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கேசரி உள்ளே போயிற்று.

எழிலரசி இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் வாயைத் திறக்கவில்லை.

மறு திங்கட்கிழமை அப்பாவின் பொருட்களை வாங்க ஆம்பூர் கம்பெனிக்குப் போனாள். அவரோடு இருபது வருடம் ஒரே மேஜையில் நின்ற நிசார் அஹமது வாசல் கேட்டுக்கே வந்து அழைத்துப் போனார். கேன்டீனில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். ஒரு வாய் குடித்தாள். பாகாக இனித்தது.

“ஜாஸ்தியா இருக்காம்மா? உங்கப்பா கணக்கு அது. மூணு ஸ்பூன். ‘ஊர்ல எனக்குச் சுகரு, இங்கதான் எனக்கு டீ’ன்னு சிரிப்பார்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“இன்னாம்மா இப்படிக் கேக்கற? மொத மொத நான்தானே இட்டுக்கினு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா வெளிப்படையா சொல்வார், ‘இன்னிக்கு மண்டை டாக்டரைப் பார்த்தேன்’னு. ஆரம்பத்துல ரெண்டு பேரு கிண்டல் பண்ணாங்க. அப்புறம் அதுல ஒருத்தனே அவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போனான்.”

நிசார் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிப் பேனாவை எடுத்தார். வேலாயுதத்தின் பேனா.

“மனசு சரியில்லாத அன்னிக்கு இதால மணிக்கட்டுல ஒரு வட்டம் போட்டுக்குவார். தோலுக்குப் போடற மாதிரியே. வட்டத்தைப் பார்த்தா நாங்க அவரைத் தனியா சாப்பிட உடமாட்டோம். இன்னா ஏதுன்னு கேக்க மாட்டோம். பக்கத்துல ஒருத்தர் உக்காருவோம். சாயங்காலம் பஸ் ஏர்ற வரைக்கும் கூட நடப்போம். அவ்ளோதான். இப்ப இந்த ஹால்ல அஞ்சாறு பேரு போட்டுக்கறாங்க.”

எழிலரசி பேனாவை வாங்கிப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை கையில இருந்துச்சு” என்றாள். “கம்பெனி மசின்னு நெனச்சேன். நான்தான் தேச்சு அழிச்சேன்.”

“ஞாயித்துக்கிழமை லீவாச்சேம்மா” என்றார் நிசார். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலக் குனிந்துகொண்டார்.

லீவு நாள். மசி ஒட்ட வழியில்லை. அளவெடுப்பதையே தொழிலாகச் செய்கிறவளுக்கு அது தோன்றவில்லை. அவள் பார்க்கட்டும் என்றே அவர் போட்டு வைத்திருந்தார். அவள் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள், அத்தை பார்த்துவிடுவாள் என்று.

நிசார் கொடுத்த அப்பாவின் பையில் ஒரு பழைய டிபன் பாக்ஸ், துண்டு, ஆஸ்பத்திரி ஓபி நோட்டு. நோட்டுக்குள் ஒரு சீட்டு. அவருடைய கையெழுத்து: ‘புதன். கௌசர். 8 மணி டோக்கன் ஜன்னல். சீக்கிரம் போகணும்.’

“இது யாரு?”

நிசார் தையல் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். அவள்தான் கௌசர். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. மிஷினில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக பயம். தெருவில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது?

“அண்ணன்தான் தைரியம் சொன்னார். ‘என் பக்கத்துல உக்காரும்மா. யாரு கேட்டாலும் வேலாயுதம் அண்ணனுக்குத் துணையா வந்தேன்னு சொல்லு. நான்தான் நோயாளி, உனக்கு இன்னா பேஜாரு?’ன்னார். இந்தப் புதன்கிழமை போறதா இருந்தோம்.” கௌசர் கொஞ்சம் தயங்கினாள். “உங்களைப் பத்தி எப்பவும் பேசுவார். ‘எம் பொண்ணு லேபிள் ஒட்டுனா யாரும் மாத்த முடியாது, கவர்மென்டே ஒத்துக்கும்’னு.”

பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். எழிலரசிக்கு அதுதான் சுட்டது.

“புதன்கிழமை நான் வர்றேன்” என்றாள். “நீங்க வாங்க.”

கௌசர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை நவநீதனிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. “என்கிட்டகூடவா?” என்று கேட்டான். மறுநாள் அப்பா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கமலத்திடம் கொடுக்க ஒடுகத்தூருக்குப் போனாள். அத்தையிடம் சொல்லத்தான் போனாள். போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தாள், இரவு அங்கேயே படுத்தாள், சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வேலூர் பஸ்ஸில் ஏறினாள். கண் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று கமலமும் கூடவே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். பூக்கூடை, வேர்க்கடலை மூட்டை, காலேஜ் பிள்ளைகள். டிரைவர் பாட்டு வைத்திருந்தார்.

போன் அடித்தது. கௌசர்.

“வந்துட்டேங்க. ஜன்னல்ல இன்னான்னு கேக்கணும்?”

எழிலரசி கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

“இன்னாது? காதுல உழல. நான் வேணா வூட்டுக்குப் போய்டட்டுமா?”

“போய்டாதீங்க!” எழிலரசி எழுந்தே நின்றுவிட்டாள். “மனநலப் பிரிவுன்னு கேளுங்க! மனநலம்! ஆமா! வேலாயுதம் அண்ணன் காட்டுன எடம்னு சொல்லுங்க. எங்கப்பா ஆறு வருஷம் வந்த எடம்தான்! நான் வந்துக்கினே இருக்கேன்!”

முன் சீட்டில் நாலைந்து தலைகள் திரும்பின. கண்டக்டர் பாட்டைக் குறைக்கச் சொன்னார். எழிலரசி உட்கார்ந்தாள்.

கமலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இன்னாடி சொன்ன இப்ப?”

“அப்பா மனசு சரியில்லாம மாத்திரை சாப்ட்டாரு அத்தை. ஆறு வருஷமா. நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன்.”

“அப்போ சுகரு?”

“சுகர் இல்ல.”

கமலம் அவள் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எழிலரசி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“ஆறு வருஷமா வெறும் டீ குடுத்தேனேடி, பாவி” என்றாள் கமலம். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சக்கர போடுன்னு கேக்கலியே அவன். இலையில கூட வெக்க உடலியே நானு.”

பாதி வழியில், அணைக்கட்டு ஸ்டாப்பில் பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. மணி எட்டாக இன்னும் பத்து நிமிடம்தான். எழிலரசி கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்துப் பார்த்தாள். ‘சீக்கிரம் போகணும்’ என்பதன் கீழே அப்பா ஒரு கோடு இழுத்திருந்தார்.