பூட்டிய ஆபீஸில் பெய்த மழை

அரூர் தாலுகா ஆபீஸ் கேட்டில் பூட்டு தொங்குகிறது. அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின் பதினெட்டாம் நாள். தீர்த்தமலை பஸ்ஸுக்காக, எதிரே அவர்கள் போட்டிருக்கும் பந்தலோரம் நிற்கிறேன். திரும்பி வராதவர்களுக்கு வேலை போய்விடும் என்கிறது டிரான்சிஸ்டர். யாரும் அசையவில்லை.

எட்டரை மணிக்கு ஒருவர் மட்டும் எழுகிறார். சட்டையில் சங்க பேட்ஜ், கையில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளை. தோழர்கள் இருவர் தூக்கிவிட, காம்பவுண்டுச் சுவரேறி உள்ளே குதிக்கிறார். மழைமானியைத் திறந்து, ராத்திரி பெய்ததைக் குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடிக்கிறார். கோஷத்தை நிறுத்திவிட்டுப் பந்தலே பார்த்துக்கொண்டிருக்கிறது. சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு மறுபடி சுவரேறி வருகிறார்.

"ஸ்ட்ரைக்குல இந்த வேலை மட்டும் எதுக்குங்க?" என்கிறேன்.

"ஃபைலு காத்துக் கெடக்குமுங்க. நேத்து பேஞ்ச மழைய நாளைக்கு அளக்க முடியுங்களா?"

"அப்போ தெனமும் ஏறிக் குதிக்கிறீங்களா?"

பதிலுக்கு நோட்டை நீட்டுகிறார். இன்றைய தேதிக்கு எதிரே பன்னிரண்டு மில்லிமீட்டர். அதற்கு மேலே பதினேழு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அழுத்தி எழுதிய ஒரு சைபர்.