கொட்டாவி பிடிக்கும் பனியன்

துணி விற்பவர் சாயம் போகாது என்று சத்தியம் செய்தால் போதும். கரண்டு ஓடும் துணி நெய்கிற நாங்கள், ஷாக் அடிக்காது என்றும் சேர்த்துச் சத்தியம் செய்ய வேண்டும். குமாரபாளையத்தில் என் விசைத்தறிப் பட்டறையில் வெள்ளி பூசிய நூலில் பட்டை நெய்து, லாரி டிரைவர்களுக்கான பனியனில் வைத்துத் தைக்கிறோம். போட்டிருப்பவருக்குத் தூக்கம் வந்து மூச்சும் நாடித்துடிப்பும் இறங்கினால் நெஞ்சில் கிர்ரென்று அதிரும். நாமக்கல் லாரி ஓனர் ஒருவர் சோதனைக்கு ஒன்று வாங்கிப் போனார். அவர் ஆர்டர் தராவிட்டால் நான் பழையபடி துண்டு நெய்ய வேண்டியதுதான். புதுச் சரக்கை விற்கக் கிளம்பிப் படாதபாடு பட்டவர்களே, உங்களுக்குத்தான் என் வேதனை புரியும்.

தறியின் பிடிவாதம்

இழை அறுந்தால் ஒரு தகடு விழுந்து, கரண்டைத் தொட்டு, தறியை நிறுத்தும். வெள்ளி நூல் தானே கரண்டைக் கடத்தி, எதுவும் அறாமலே நிறுத்தியது. அறுந்த இழையைத் தேடித் தேடி, தறி ஓட்டும் பழனியம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது.

"அறுந்தாத்தானுங்க நிக்கோணும்? இது நீங்க பக்கத்துல வந்தாலே நின்னுக்குது."

கஞ்சி போட்ட நாடி

பனியனைப் போட்டவர் டிரைவர் செல்வராசு. அவருடைய இதயத்துடிப்பு ஓனரின் போனில் தெரியும். ஒரு நாள் காலையில் பூஜ்யம் காட்டியது. ஓனர் எனக்குப் போன் போட்டு அலறினார். செல்வராசுவைக் கூப்பிட்டால், ஆட்டையாம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்! விஷயம் இதுதான்: அவர் மனைவி பனியனை வேட்டியோடு சேர்த்துக் கஞ்சியில் முக்கி, மொடமொடவென்று காயவைத்திருக்கிறார். நூலைக் கஞ்சி மூடிவிட்டால் துடிப்பு எப்படித் தெரியும்?

"செத்திருந்தா நானே போன் பண்ணிச் சொல்லியிருப்பனுங்க. ஓனருகிட்ட சொல்லாம லீவு போட்டு எனக்குப் பழக்கமில்லீங்க."

வாழப்பாடிக்குப் பிறகு

கஞ்சியை அலசியதும் பனியனுக்கு உயிர் வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாழப்பாடி பக்கம் அது அதிர, செல்வராசு லாரியை ஓரங்கட்டித் தூங்கி எழுந்தார். லோடு தாமதம். ஓனர் அவரையும் இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார். "தூங்க வெக்கறதுக்கு ஒரு பனியனுங்களா? எனக்கு வேண்டாமுங்க!" என்றார். "நீங்களே ஒருதடவை போட்டுப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

தொந்தி பிதுங்கப் போட்டுக்கொண்டார். வரும் வழியில் பிரியாணியை வெளுத்துக்கட்டியிருந்தார் போல. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் கண் செருகியது. பனியன் கிர்ரென்றது. துள்ளி எழுந்து, "கண்ணை மூடி யோசிச்சனுங்க" என்றார். செல்வராசு பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"செத்த ஓரமாப் படுங்க முதலாளி, லோடு எங்கீங்க போயிரப்போவுது?"

தன் நெஞ்சே சாட்சி சொல்லிவிட்டதால் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார், ஓனர் சைஸில் மட்டும் ஒன்றுகூடத் தைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.